நான்கு பைட்டின் பயணம்

3 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்றைப் பழைய யூஎஸ்பி பெட்டியில் போட்டுக் கணினியில் செருகினால், பல பெட்டிகளில் அது 746 ஜிபி என்று காட்டும். டிஸ்க் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் அதே 746தான். டிஸ்க் கெட்டுப்போனால் இத்தனை ஒழுங்காகக் கெட்டுப்போகாது. இந்த எண்ணுக்கு ஒரு பூர்வீகம் இருக்கிறது. அதைத் தேடிக்கொண்டு போனால் 1983-க்குப் போய்ச் சேர்வோம்.

அந்த ஆண்டு மார்ச்சில் ஐபிஎம் தன் பிசி எக்ஸ்டி கணினியை வெளியிட்டது. உள்ளே 10 எம்பி ஹார்ட் டிஸ்க். கூடவே வந்த டாஸ் 2.0, டிஸ்க்கின் முதல் செக்டாரில், அதாவது வெறும் 512 பைட்டுக்குள், ஒரு சின்ன அட்டவணையை எழுதி வைத்தது. இன்று எம்பிஆர் என்று சொல்வது அதைத்தான். அட்டவணையில் நான்கு வரி, வரிக்கு 16 பைட். பார்ட்டிஷன் எந்தச் செக்டாரில் தொடங்குகிறது என்று எழுத 4 பைட், அதில் எத்தனை செக்டார் என்று எழுத இன்னொரு 4 பைட். நான்கு பைட் என்றால் 32 பிட். அதில் அடங்கும் எண்கள் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296. செக்டாருக்கு 512 பைட் வீதம் பெருக்கினால் 2.199 டிபி. 10 எம்பி டிஸ்க்கைக் கையில் வைத்திருந்தவர்களுக்கு இது இரண்டு லட்சம் மடங்குக்கும் மேலே. கஞ்சத்தனம் செய்தார்கள் என்று குறை சொல்ல வழியில்லை.

பல ஆண்டுகள் இந்த எல்லை யார் கண்ணிலும் படவில்லை. மற்ற எல்லைகள் அதற்கு முன்பே குறுக்கே வந்துகொண்டிருந்தன. 504 எம்பியில் ஒன்று, 8.4 ஜிபியில் ஒன்று, கடைசியாக 28 பிட் முகவரி கொண்டுவந்த 137 ஜிபி. 2002-இல் டிஸ்க்குகளுக்கான ஏடிஏ-6 விதி முகவரியை 48 பிட்டாக்கியது. அதோடு டிஸ்க்கின் பக்கத்தில் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் அதற்கு முந்தைய யூஎஸ்பி பெட்டியில் 250 ஜிபி டிஸ்க்கைப் போட்டால் இன்றும் 137-க்கு மேல் தெரியாமல் போகலாம். விண்டோஸ் கணக்கில் அது 128.

பெட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே பெரிதாக ஒன்றும் இருக்காது. கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு போர்டு. ஒரு முனையில் சாட்டா இணைப்பு, மறுமுனையில் யூஎஸ்பி, நடுவே கறுப்பாக ஒரு சிப். கணினி தான் ஸ்கஸி டிஸ்க்கோடு பேசுவதாக நினைத்துக்கொண்டிருக்கும். டிஸ்க்குக்குத் தெரிந்தது ஏடிஏ மட்டும். இரண்டுக்கும் நடுவே நின்று மாற்றிச் சொல்வது இந்தச் சிப்பின் வேலை. 1999-இல் வந்த யூஎஸ்பி விதிப்படி ஒவ்வொரு கட்டளையும் 31 பைட் உறையில் வரும். உள்ளே ஸ்கஸி கட்டளைக்கு 16 பைட் வரை இடம் உண்டு. அந்த 16 பைட்டுக்குள் எட்டு பைட் முகவரியே தாராளமாக உட்காரும். இருந்தும் பழைய சிப்புகள் பலவற்றுக்கு 10 பைட் கட்டளைதான் கற்றுக்கொடுக்கப்பட்டிருந்தது. அதில் முகவரிக்கு நான்கு பைட். எம்பிஆர் நான்கு பைட்டுக்கும் இதற்கும் உறவு எதுவும் கிடையாது. அளவு மட்டும் ஒன்று. 1983-ஐ மன்னிக்கலாம். உறையில் இடம் இருந்தும் கற்றுக்கொடுக்காமல் விட்டதை அப்படி எளிதில் மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

3 டிபி டிஸ்க்கில் இருப்பவை 586 கோடியே 5 லட்சத்து 33 ஆயிரத்து 168 செக்டார்கள். பல டிஸ்க்குகளின் லேபிளிலேயே ‘எல்பிஏ’ என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் இது அச்சாகியிருக்கும். பைனரியில் எழுதினால் 33 இலக்கம். சிப்புக்குக் கொள்வது 32. முன்னால் நிற்கும் ஒற்றை 1 வெட்டுப்படுகிறது, அதோடு 429 கோடிச் சொச்சமும் போய்விடுகிறது. மிச்சம் 156 கோடியே 55 லட்சத்து 65 ஆயிரத்து 872 செக்டார். பெருக்கிப் பாருங்கள், விண்டோஸ் கணக்கில் 746.5 ஜிபி.

ஒழுங்கான சிப் இப்படிச் செய்யாது. கொள்ளளவு கேட்டால், ‘என் எண் இந்த நான்கு பைட்டில் அடங்காது’ என்பதற்கு அடையாளமாக 32 பிட்டையும் 1 ஆக்கி அனுப்பும். கணினி புரிந்துகொண்டு பெரிய கட்டளையால் மறுபடி கேட்கும். லினக்ஸில் கெர்னல் பதிவைத் திறந்தால், டிஸ்க் மிகப் பெரியது, 16 பைட் கட்டளையால் கேட்டுப் பார்க்கிறேன் என்ற பொருளில் ஒரு வரி ஓடுவதைப் பார்க்கலாம். இந்தக் கேள்வியில் இன்னொரு குளறுபடியும் உண்டு. கட்டளை கேட்பது கடைசி செக்டாரின் எண்ணை, எண்ணிக்கையை அல்ல. செக்டார் எண் பூஜ்யத்தில் தொடங்குவதால் இரண்டும் ஒன்றல்ல. கதவிலக்கம் பூஜ்யத்தில் தொடங்கும் தெருவில் கடைசி வீட்டின் கதவிலக்கம் என்ன என்று கேட்டால் மொத்தம் எத்தனை வீடு என்று சொல்வதுபோல, சில சாதனங்கள் ஒன்று கூடுதலாகச் சொல்லிவிடும். பிறகு இல்லாத செக்டாரைப் படிக்கப்போய்த் திணறும். இப்படிப்பட்ட சாதனங்களுக்கென்றே லினக்ஸ் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. ஆப்பிளின் ஐபாட் மாடல்கள் சிலவும் அதில் இருக்கின்றன.

746 என்று காட்டும் பெட்டி உண்மையில் நல்ல பெட்டி. தொடக்கத்திலேயே மாட்டிக்கொள்கிறதே! பயப்பட வேண்டியது முழு 3 டிபியையும் காட்டிவிட்டு, எழுதும்போது மட்டும் முகவரியை வெட்டும் பெட்டிக்கு. 2.2 டிபி வரை எல்லாம் சரியாக நடக்கும். அதைத் தாண்டியதும் எழுதுவதெல்லாம் சுற்றிக்கொண்டு டிஸ்க்கின் தொடக்கத்தில் போய் விழும். அங்கேதான் பார்ட்டிஷன் அட்டவணை இருக்கிறது. ஃபைல் சிஸ்டத்தின் தலைப்பகுதியும் அங்கேதான். கோப்பு வெற்றிகரமாக நகலானது என்றே திரை சொல்லும். அடுத்த முறை செருகும்போது டிஸ்க் வெறுமையாகத் தெரியும். புதிதாகச் சேர்த்த பெட்டியையும் டிஸ்க்கையும் நம்பும் முன், முழுக்க எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும் எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 போன்ற நிரல்களை ஓடவிடுவது இதற்காகத்தான். ஒரு நாள் போனாலும் போகட்டும். குறைந்த விலைக்கு 16 டிபி என்று விற்கும் போலிச் சரக்கையும் அதே நிரல்கள் காட்டிக்கொடுத்துவிடும்.

2010-இல் கதை வேடிக்கையாகத் திரும்பியது. அந்த ஆண்டு சீகேட் தன் ஃப்ரீஏஜென்ட் கோஃப்ளெக்ஸ் டெஸ்க் வரிசையில் 3 டிபி வெளிப்புற டிஸ்க்கைக் கொண்டுவந்தது. வாங்குபவர்களில் ஏராளமானோரிடம் அப்போதும் விண்டோஸ் எக்ஸ்பி. 32 பிட் எக்ஸ்பிக்கு எம்பிஆர் மட்டுமே தெரியும். முகவரியை நீட்ட முடியாதென்றால் செக்டாரைப் பெரிதாக்கிவிடலாம் என்று ஒரு குறுக்கு வழி பிடித்தார்கள். எட்டு 512 பைட் செக்டார்களை ஒன்றாகக் கட்டி, 4096 பைட் செக்டார் என்று கணினியிடம் சிப் சொல்லும். 586 கோடி, 73 கோடியாகச் சுருங்கிவிட்டது. அதே நான்கு பைட்டின் எல்லை 17.59 டிபிக்குத் தள்ளிப்போனது. கெட்டிக்கார வேலைதான், சந்தேகமில்லை.

வினை பெட்டி பழுதாகும் நாளில் வருகிறது. யூஎஸ்பி முனை ஆடிப்போய்விட்டது, டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது என்று அதைக் கழற்றி நேராக மதர்போர்டில் சாட்டா வழியாகச் செருகுகிறோம். அட்டவணையில் பார்ட்டிஷன் 256-ஆம் செக்டாரில் தொடங்குகிறது என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெட்டியின் கணக்கில் அது சரியாக 1 எம்பி தள்ளி இருக்கும் இடம். மதர்போர்டின் 512 கணக்கில் 128 கேபியிலேயே வந்துவிடும். அங்கே தேடினால் ஒன்றும் இருக்காது. உடனே ஃபார்மட் செய்யட்டுமா என்று விண்டோஸ் கேட்கும். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உள்ளே ஒரு பைட்கூட இடம் மாறவில்லை. அதே மாடல் பெட்டி ஒன்று கிடைத்தால் எல்லாம் திரும்பத் தெரியும். லினக்ஸ் பழக்கம் உள்ளவர்கள் லூப் டிவைஸை 4096 செக்டார் அளவில், படிக்க மட்டும் திறந்து எடுத்துவிடலாம். இதற்குப்போய் டேட்டா மீட்கும் கடையில் பணம் கட்டுவது அநியாயம்.

746 சிக்கல், பெட்டியை மாற்றியும் சில நேரம் பாதிதான் தீரும். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 2048 ஜிபி ஒரு கட்டமாகவும், பக்கத்தில் 746 ஜிபி ஒதுக்கப்படாத இடமாகவும் தெரிந்தால் சிப் சரி. இப்போது தடுப்பது 1983-இன் நான்கு பைட். வெறும் 746 மட்டும் தெரிந்தால் சிப். 1 டிபி டிஸ்க் 931 என்று காட்டினால் எந்தக் கோளாறும் இல்லை. விற்பவர் ஆயிரத்தால் வகுக்கிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. இடம் நிறைய இருந்தும் ஒரு பெரிய வீடியோ மட்டும் ஏற மறுத்தால் அது ஃபேட்32-இன் 4 ஜிபி கோப்பு எல்லை. அதற்குப் பெட்டியையோ அட்டவணையையோ குறை சொல்லிப் பயனில்லை.

எம்பிஆர் எல்லைக்கு மருந்து ஜிபிடி என்ற புதிய அட்டவணை. அதில் முகவரிக்கு எட்டு பைட். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் மாற்றுவதற்கு முன் பார்ட்டிஷன்களை அழித்தாக வேண்டும் என்பதால், உள்ளிருப்பதை முதலில் வேறிடத்துக்கு நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். இத்தனைக்குப் பிறகும் பழைய நான்கு பைட் ஓய்வு பெறவில்லை. ஜிபிடி டிஸ்க்கின் முதல் செக்டாரில் அதே பழைய அட்டவணை ஒரே ஒரு வரியோடு இருக்கும். 2.2 டிபியைத் தாண்டிய டிஸ்க் என்றால் அளவுக்கான நான்கு பைட்டிலும் எல்லாப் பிட்டும் 1. பழைய நிரல்கள் இது காலி டிஸ்க் என்று நினைத்து மேலே எழுதிவிடாமல் காவல் காப்பதுதான் அதன் வேலை. 32 பிட் எக்ஸ்பியில் செருகினால் ‘ஜிபிடி ப்ரொடெக்டிவ் பார்ட்டிஷன்’ என்ற பெயரோடு ஒரு கட்டம் தெரியும். அதை அழிக்கவோ ஃபார்மட் செய்யவோ டிஸ்க் மேனேஜ்மென்ட் விடாது.