அரட்டை ஜன்னலில் தெரிந்த மூலநிரல்

2003ஆம் ஆண்டு. திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்த பிரவுசிங் சென்டர். மணிக்கு 25 ரூபாய். ஆறு கணினிகள், ஆறிலும் விண்டோஸ் 98, ஆறுக்கும் சேர்த்து ஒரே ஒரு டயல்-அப் இணைப்பு. பையன்கள் எதையாவது கெடுத்து வைத்துவிடுவார்கள் என்று கடைக்கார அண்ணன் நோட்பேடைத் தூக்கியிருந்தார். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் 'வியூ சோர்ஸ்' அழுத்தினால் பக்கத்தின் மூலநிரல் நோட்பேடில்தான் திறக்கும். நோட்பேடு இல்லாத இடத்தில் மூலநிரலும் இல்லை. போதாததற்கு அன்றைய பல தளங்கள் ரைட் கிளிக் செய்தால் 'அனுமதி இல்லை' என்று ஒரு பெட்டியைக் காட்டி மிரட்டும்.

"பூட்டு ஊர்க்காரன்கிட்டயே பூட்டாண்ணே" என்று கேட்டேன். அண்ணன் சிரித்தார், திறந்துவிடவில்லை.

ஆனால் எம்ஐஆர்சியை அவரால் எடுக்க முடியாது. அது அவர் பிழைப்பு. அப்போது கடைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் டால்நெட்டில் அரட்டை அடிக்கத்தான் வந்தார்கள். அந்த அரட்டை மென்பொருளுக்குள்தான் நான் என் முதல் உருப்படியான நிரலை எழுதினேன். வலைப்பக்கம் ஒன்றின் மூலநிரலை இழுத்து வந்து ஒரு ஜன்னலில் காட்டும் நிரல்.

*

அரட்டை மென்பொருளுக்குள் நிரல் மொழி எப்படி வந்தது? 1988 ஆகஸ்டில் ஃபின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்காரினென் ஐஆர்சியை எழுதினார். கோடு போட்ட வரிகளாக உரையை அனுப்பு, வரிகளாக வாங்கு, அவ்வளவுதான் அதன் இலக்கணம். 1995 பிப்ரவரியில் லண்டனில் இருந்த காலித் மர்தம்-பே விண்டோஸுக்காக எம்ஐஆர்சியை வெளியிட்டார். யாராவது அறைக்குள் வந்தால் தானாக வணக்கம் சொல்ல வேண்டும், கெட்ட வார்த்தை பேசினால் வெளியே தள்ள வேண்டும் என்ற சின்னத் தேவைகளுக்காக அதில் ஒரு ஸ்கிரிப்ட் மொழி இருந்தது. 'இது நடந்தால் அதைச் செய்' என்பதுதான் அதன் முழு வேதாந்தம். 1990களின் பிற்பகுதியில் அந்த மொழிக்குள் சாக்கெட் வந்தது. அதாவது அரட்டை சர்வர் மட்டுமல்ல, இணையத்தில் உள்ள எந்தக் கணினியோடும் நேரடியாக இணைப்புப் போட்டுப் பேசலாம்.

இதை நல்லதற்கும் பயன்படுத்தினார்கள், கெட்டதற்கும் பயன்படுத்தினார்கள். 2002 முடிவிலும் 2003 தொடக்கத்திலும் டால்நெட் தொடர் தாக்குதல்களில் கிட்டத்தட்டப் படுத்தே விட்டது. அந்தக் காலத்தில் பிறர் கணினிகளைக் கடத்தித் தாக்குதலுக்கு ஏவிய நிரல்களில் ஒரு வகை, ஒளித்து வைத்த எம்ஐஆர்சியும் அதன் ஸ்கிரிப்டுகளும்தான். அதே சாக்கெட்டைக் கொண்டுதான் உலகமெங்கும் பள்ளிக்கூடப் பையன்கள் இணையம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டார்கள்.

என் நிரல் இருபது வரி இருக்கும். முதல் பகுதி, தளத்தின் பெயரைச் சொல்லி 80ஆம் எண் வாசலில் இணைப்புத் திறக்கும். இரண்டாவது பகுதி, இணைப்பு கிடைத்ததும் 'கெட்' என்று தொடங்கும் ஒரு வரியில் எந்தப் பக்கம் வேண்டும் என்று எழுதி, அடுத்து ஒரு வெற்று வரியை அனுப்பும். அந்த வெற்று வரிதான் 'நான் கேட்டு முடித்துவிட்டேன்' என்பதன் அடையாளம். மூன்றாவது பகுதி, பதில் வர வர வரிவரியாக எடுத்து ஒரு தனி ஜன்னலில் அடுக்கும்.

முதல் முயற்சியில் வேறு யாருடைய பக்கமோ வந்தது. ஒரே கணினி நூறு தளங்களைத் தாங்கும் வழக்கம் அதற்குள் வந்துவிட்டிருந்தது. எந்தத் தளம் வேண்டும் என்று 'ஹோஸ்ட்' என ஒரு வரி சேர்த்து எழுத வேண்டும். கடிதத்தில் தெருப் பெயரை எழுதி வீட்டு எண்ணை விட்ட கதை. அதைச் சரிசெய்த பிறகு வெற்று வரிகளில் நிரல் முட்டிக்கொண்டு நின்றது. ஒன்றுமில்லாததை ஜன்னலில் எழுதச் சொன்னால் எம்ஐஆர்சி பிழை என்று சொல்லும். அங்கே ஒரு போலி இடைவெளியை வைக்க வேண்டியிருந்தது. அடுத்தடுத்து வரும் இடைவெளிகளை எல்லாம் எம்ஐஆர்சி ஒன்றாகச் சுருக்கிவிடும் என்பதால், அழகாக உள்தள்ளி எழுதப்பட்ட நிரல்கூட இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. பரவாயில்லை. படிக்க முடிந்தது.

இதைச் செய்து முடித்தபோது எனக்குப் புரிந்தது ஒன்றுதான். வலைப்பக்கம் என்பது படம் அல்ல, ஒரு கடிதம். படமாக்கிக் காட்டுவது உலாவியின் வேலை. கடிதத்தில் இருப்பதும் உலாவி காட்டுவதும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

*

திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் தோட்டனூத்தில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. அங்கிருந்து ஒரு பெரியவர் சனிக்கிழமைகளில் ஊர்ச் செய்தி படிக்க வருவார். போர்நிறுத்தம் நடைமுறையில் இருந்த காலம். திரும்பிப் போகலாமா என்ற கேள்வி முகாமில் ஒவ்வொரு வீட்டிலும் இருந்தது. அவருக்காகவே அண்ணன் எல்லாக் கணினியிலும் பாமினி எழுத்துருவை ஏற்றி வைத்திருந்தார்.

ஒருநாள் அவர் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, இந்த வசனம் இடையில நிக்குது. மிச்சம் எங்கை?"

வாக்கியம் பாதியில் அறுந்து, சம்பந்தமில்லாத இன்னொரு துண்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தை மறுபடி ஏற்றினோம், மாறவில்லை. என் நிரலில் அந்த முகவரியைக் கொடுத்தேன். ஜன்னல் நிறைய ஆங்கில எழுத்துக் குப்பை வந்து விழுந்தது. சும்மா ஒரு யோசனையில் அந்த ஜன்னலின் எழுத்துருவை மட்டும் பாமினிக்கு மாற்றினேன். குப்பை தமிழானது. கூடவே, அதுவரை ஒழுங்கான ஆங்கிலமாக இருந்த எச்டிஎம்எல் குறிகள் எல்லாம் தமிழ்க் குப்பையாயின. வரி முறிக்கும் 'பிஆர்' குறி 'ஈடிச' என்றும் ஒரு கமாவாகவும் தெரிந்தது. ஒவ்வொரு குறியும் 'ஈ' என்று தொடங்கிக் கமாவில் முடிந்தது.

அதைப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. பாமினி என்பது தமிழ்த் தட்டச்சு விசைப்பலகையை ஒட்டி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துரு. 'தமிழ்' என்று நமக்குத் தெரிவது கணினிக்கு ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அதில் 'ஈ' எழுத்து இருக்கும் இடம், ஆங்கிலத்தில் 'சிறியது' என்பதைக் குறிக்கும் கூர்முனைக் குறியின் இடம். அந்தக் குறியில்தான் எச்டிஎம்எல்லின் ஒவ்வொரு கட்டளையும் தொடங்குகிறது. கமா இருப்பது 'பெரியது' குறியின் இடத்தில். கட்டளை முடிவது அதில். கையால் பக்கம் செய்தவர் அந்தக் குறியை மாற்றெழுத்தாக எழுதாமல் அப்படியே விட்டுவிட்டால், உலாவி 'ஈ' என்ற எழுத்தைக் கண்டதும் ஏதோ கட்டளை தொடங்குகிறது என்று நினைத்து, அடுத்த கமா வரும்வரை எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

அந்த வாக்கியத்தில் விழுங்கப்பட்ட பகுதி 'ஈழத்தில்' என்ற சொல்லில் தொடங்கியது.

பெரியவர் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு குப்பைக்கு நடுவே அந்த ஒன்றரை வரியை எழுத்துக்கூட்டிப் படித்தார். "இருக்குது. உள்ளுக்க இருக்குது" என்றார். அடுத்த வாரத்திலிருந்து பக்கம் முழுவதையும் அந்த ஜன்னலில்தான் காட்டச் சொன்னார்.

*

இது ஒரு எழுத்துருவின் கோளாறு மட்டும் அல்ல. 1995 அக்டோபரில் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியில் அந்நாட்டுக் கவிதைத் தளத்தில் தமிழ் ஏறியதிலிருந்து அடுத்த பத்தாண்டுத் தமிழ் இணையத்தின் நிலையே இதுதான். யூனிகோடின் முதல் பதிப்பிலேயே, 1991இல், தமிழுக்கு இடம் இருந்தது. ஆனால் சாதாரண விண்டோஸ் கணினியில் அது ஒழுங்காகத் தெரிய விண்டோஸ் 2000 வர வேண்டியிருந்தது. எக்ஸ்பியில்கூட ஒரு பெட்டியில் டிக் அடித்து, விண்டோஸ் சிடியைப் போட்டால்தான் தமிழ் நேராக நிற்கும். எந்த பிரவுசிங் சென்டரில் சிடி இருந்தது? அதனால் ஒவ்வொரு பத்திரிகையும் தனக்கென ஒரு எழுத்துரு வைத்திருந்தது. ஒரு வீட்டுச் சாவி இன்னொரு வீட்டுக்கு ஆகாது.

இதைச் சீராக்க முயன்றவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. பல நாடுகளில் இருந்த தமிழர்கள் மின்னஞ்சலில் விவாதித்தே திஸ்கி என்ற பொதுக் குறியேற்றத்தை உருவாக்கினார்கள். ஆங்கில எழுத்துகளை அவற்றின் இடத்திலேயே விட்டுவிட்டு, 128க்கு மேற்பட்ட இடங்களில் தமிழை வைப்பது அதன் வழி. என் ஜன்னலில் திஸ்கிப் பக்கத்தைத் திறந்தால் குறிகள் ஆங்கிலமாகவும் உரை தமிழாகவும் ஒரே நேரத்தில் தெரியும். எழுத்து கட்டளையாக மாறும் ஆபத்து அங்கே இல்லை. வேறு ஆபத்து இருந்தது. 'இ'க்கு முதலில் கொடுத்த 173ஆம் இடம் மென்பொருள்களுக்குக் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்கோடு. 'இ' காணாமல் போய்க்கொண்டே இருந்ததால், அதற்குப் பின்னர் இன்னொரு இடம் ஒதுக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டுக்குப் பின் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்று இரண்டு தரங்களை ஏற்றது. இப்படித் தரங்களே பல ஆயின.

சண்டைக்கு நடுவே வேலையும் நடந்தது. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்களைக் கொண்டு தட்டச்சு செய்து ஏற்றியது. பின்னர் அவை யூனிகோடுக்கு மாற்றப்பட்டன. அதிராம்பட்டினத்து உமர் தம்பி, பழைய கணினியிலும் யூனிகோடுத் தமிழ் தெரியும்படி பக்கத்தோடு தானே வந்து இறங்கும் தேனீ எழுத்துருவைச் செய்து இலவசமாகக் கொடுத்தார். ஜெர்மனியில் வாழ்ந்த சுரதா யாழ்வாணன், பாமினியையும் திஸ்கியையும் இன்னும் பலவற்றையும் யூனிகோடாக மாற்றும் பொங்குதமிழ்ச் செயலியை ஒரு வலைப்பக்கமாகவே எழுதி வைத்தார். அந்தப் பக்கத்தின் மூலநிரலைத் திறந்தால் மாற்று அட்டவணை முழுவதும் கண்ணெதிரே இருக்கும். நான் ஜாவாஸ்கிரிப்ட் படித்தது அதில்தான்.

மாற்றுவது என்றால் எழுத்துக்கு எழுத்து பெயர் மாற்றுவது மட்டும் அல்ல என்றும் அங்கேதான் கற்றேன். பழைய குறியேற்றங்கள் நாம் கையால் எழுதும் வரிசையைப் பின்பற்றின. 'கொ' என்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடு ஒலிக்கும் வரிசையைப் பின்பற்றுகிறது. முதலில் க, அதன்பின் ஒகரம். இடம் மாற்றாமல் பெயரை மட்டும் மாற்றினால் கொம்பு முந்தின எழுத்தின் தலையில் போய் ஏறிக்கொள்ளும்.

*

சில வருஷங்களுக்கு முன் இந்த அறிவு ஒருமுறை கைகொடுத்தது. என் தமிழாசிரியர் பணி ஓய்வுக்குப் பின் ஊரைப் பற்றியும் மலைக்கோட்டை பற்றியும் எழுதிய கட்டுரைகளை ஓர் இலவசத் தளத்தில் ஏற்றியிருந்தார். தளம் மூடப்பட்டது, ஐயாவும் காலமானார். பள்ளி நாட்களில் என் நிரல் வழியாக அந்தப் பக்கங்களை ஒரு ஃபிளாப்பியில் சேமித்திருந்தேன். பின்னர் அது எப்படியோ கணினி விட்டுக் கணினி மாறி என்னோடு வந்தது. அவர் மகள் கேட்டபோது திறந்தேன். எழுத்துருவின் பெயர் நிரலில் இருந்தது, எழுத்துரு எங்கேயும் கிடைக்கவில்லை. பாமினி மாற்றி அதைச் சரியாக மாற்றவும் இல்லை.

ஆனால் ஐயா ஒரு சொல்லைக் கட்டாயம் பலமுறை எழுதியிருப்பார். தட்டச்சு முறை எழுத்துருவில் 'திண்டுக்கல்' பத்துக் குறிகள். த, இகர விசிறி, ண, புள்ளி, டு, க, புள்ளி, க, ல, புள்ளி. நான்காவது, ஏழாவது, பத்தாவது ஒன்றாகவும், ஆறாவதும் எட்டாவதும் ஒன்றாகவும் இருக்கும் பத்தெழுத்துச் சொல்லைத் தேடச் சொல்லி நாலு வரி எழுதினேன். நாற்பதுக்கு மேல் வந்து விழுந்தன, எல்லாம் ஒரே சொல். அதிலிருந்து ஏழு எழுத்து கிடைத்தது. அந்த ஏழைப் போட்டதும் பக்கத்துச் சொற்கள் பாதி தெரிந்தன. 'கோட்டை', 'பூட்டு', 'பேகம்பூர்' என்று ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. மூன்று இரவில் கட்டுரைகள் முழுவதும் வந்துவிட்டன. ஐயா எழுத்துருவை நம்பி எழுதியிருந்தார். காப்பாற்றியது அதன் அடியில் இருந்த மூலம்.

இன்று நிலைமை தலைகீழ். 2010இல் தமிழ்நாடு அரசும் யூனிகோடை ஏற்றுவிட்டது. அதே ஆண்டு எம்ஐஆர்சியும் முழுக்க யூனிகோடுக்கு வந்தது. எந்தப் பக்கத்திலும் தமிழ் இப்போது தமிழாகவே இருக்கிறது. ஆனால் பக்கம்தான் பக்கமாக இல்லை. பல தளங்களின் மூலநிரலைத் திறந்தால் ஒரு காலிப் பெட்டியும், மனிதர் படிக்க முடியாதபடி நெருக்கிக் கட்டிய ஜாவாஸ்கிரிப்டும்தான் இருக்கும். உரை வேறெங்கிருந்தோ, கேட்கும்போது மட்டும் வருகிறது. ஒரு பக்கத்தைச் சேமித்தேன் என்று நினைத்தவர் கையில் இருப்பது காலிப் பெட்டியாக இருக்கலாம். எழுத்துரு தொலைந்தால் திண்டுக்கல் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு மீண்டு வரலாம். உரையே கைக்கு வராத இடத்தில் எதைப் பிடித்துக்கொள்வது? நானும் அப்படிப்பட்ட பக்கங்களைத்தான் வேலையில் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஐயாவின் கட்டுரைகளை அவர் மகளுக்கு மூன்று கோப்புகளாகக் கொடுத்தேன். படிக்க யூனிகோடில் ஒன்று, நான் கண்டுபிடித்த எழுத்து அட்டவணை ஒன்று, 2003இல் இறங்கிய பழைய மூலம் ஒன்று. "இது என்னண்ணா, குப்பையா இருக்கு, அழிச்சிரவா?" என்று மூன்றாவதைக் காட்டிக் கேட்டாள்.

"அதை மட்டும் அழிச்சிராதம்மா. நான் ஏதாவது தப்பாப் படிச்சிருந்தா, திருத்துறதுக்கு அதுதான் இருக்கு" என்றேன்.