கிரிவலப் பாதையில் 'கீச் கீச்'... கத்துவது அணிலா, கொண்டைக்குருவியா? குட்டி கீழே விழுந்தால் என்ன செய்யணும்?

திருவண்ணாமலையில் 14 கி.மீ. கிரிவலப் பாதையில் நடக்கும்போது, மரத்து மேல இருந்து 'கீச் கீச்'னு சத்தம் கேட்கும். ஏதோ குருவின்னு நினைப்போம். பல நேரம் அது அணில்!

எப்படி கண்டுபிடிப்பது?

ஒரே சத்தம் நிமிடக்கணக்கில் விடாமல் வந்தால் அணில். பூனையோ பாம்போ பக்கத்தில் வந்தால் இப்படித்தான் கத்தும். கொண்டைக்குருவி, அதாவது சின்னான், இரண்டு மூன்று சுரங்களில் சின்னச் சின்னதாகப் பாடி, நிறுத்தி, மறுபடி பாடும். கருப்புத் தலையில் சின்னக் கொண்டை, வாலுக்கு அடியில் சிவப்பு இருந்தால் அதுதான்.

என்ன வித்தியாசம்?

அணில் கொறிக்கும் பாலூட்டி வகையைச் சேர்ந்தது. முன்பற்கள் ஆயுசுக்கும் வளரும் என்பதால் எதையாவது கொறித்துக்கொண்டே இருக்கும். ரமண மகரிஷி ஆசிரமத்து அணில்களுக்குத் தன் கையாலேயே பருப்பு கொடுத்தது பலருக்கும் தெரிந்ததே.

கொண்டைக்குருவி பழமும் பூச்சியும் தின்னும். எச்சத்தோடு விழும் விதைகள் வேறு இடங்களில் முளைக்கும். இரண்டும் ஒரே மரத்தில் இருந்தாலும் நட்பு கிடையாது. வாய்ப்பு கிடைத்தால் அணில், குருவி முட்டையையும் தின்றுவிடும்.

கீழே விழுந்தால்?

இங்கேதான் வித்தியாசம் தெரியணும். தாய் அணில் குட்டியை வாயில் கவ்வித் தூக்கிப் போகும். அதனால் குட்டியை மரத்தடியிலேயே, துணி விரித்த சின்னப் பெட்டியில் வைத்து, தள்ளி நின்று கவனியுங்கள். நாய், பூனை நெருங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குருவியால் குஞ்சைத் தூக்க முடியாது. ஆனால் குஞ்சு இருக்கும் இடத்துக்கே வந்து இரை ஊட்டும். இறகு முளைத்த குஞ்சு என்றால் பறக்கப் பழகுகிறது என்று அர்த்தம். பக்கத்துப் புதரில் வைத்தால் போதும். இறகே இல்லை என்றால் கூட்டிலேயே திரும்ப வைக்கலாம். மனிதர் தொட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் நம்பிக்கைதான்.

இதை மட்டும் செய்யாதீங்க

இரண்டுக்குமே மாட்டுப்பால் கொடுக்கக்கூடாது. குருவிக்குப் பால் உணவே இல்லை. அணில் குட்டிக்கு வயிற்றுப்போக்கு வரும். வாயில் தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழாயில் போய் உயிருக்கே ஆபத்து. காயம் இருந்தாலோ, தாய் வரவே இல்லை என்றாலோ வனத்துறைக்கோ கால்நடை மருத்துவருக்கோ சொல்லுங்கள். பாவமாக இருக்கிறதே என்று வீட்டுக்குத் தூக்கி வந்து கூண்டில் மட்டும் வளர்க்காதீங்க.