அகழியின் வெயிலும் அடைகாப்பின் சூடும்

வேலூர்க் கோட்டையின் அகழியோரம் சித்திரை மாதத்து உச்சிப்போதில் நின்றவர்கள், கருங்கல் மதில் பகலெல்லாம் குடித்த வெயிலை மாலைக்குப் பின்னும் மெல்ல மெல்லக் கக்குவதை உடம்பால் அறிவார்கள். விஜயநகர காலத்தில், 16-ஆம் நூற்றாண்டில், எழுந்த அந்த மதிலைச் சுற்றியுள்ள நீரில் பகைவர் நீந்தி வாராதபடி முதலைகளை விட்டிருந்தார்கள் என்பது இந்நகரத்தார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. அவற்றுக்கு உஷ்ணம் தேடித் தர அன்று எவரும் வேண்டியிருக்கவில்லை. ஊர்வனவற்றின் சரீரம் நம்முடையதைப்போலத் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்வதன்று. ஆகையால் முதலை காலையில் கரையேறி வெயில் காயும், சூடு மிஞ்சினால் வாயைத் திறந்து வைத்து ஆற்றிக்கொள்ளும், அதற்கும் மிஞ்சினால் நீரில் அமிழும். வெயிலும் நிழலும் நீரும் எட்டும் தூரத்தில் இருந்துவிட்டால் அந்தப் பிராணிக்கு வேறு உபகரணம் வேண்டாம்.

குளிர்தேசத்தார் இதைச் செயற்கையாக அமைக்க நெடுங்காலம் உழைத்தார்கள். லண்டன் மிருகக்காட்சிசாலையில் 1849-இல் ஊர்வனவற்றுக்கென்று தனி மனை ஏற்பட்டது. அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்து ஜோன் புராக்டர் என்ற அம்மையாரின் யோசனைப்படி 1927-இல் திறக்கப்பட்ட புது மனையில், ஒவ்வொரு கூண்டுக்கும் அதற்குரிய உஷ்ணத்தை மின்சாரத்தால் ஊட்டும் முறை கையாளப்பட்டது. இன்று தெர்மோஸ்டாட் வைத்து ஒரு மூலையைச் சூடாகவும் மறு மூலையைக் குளிர்ச்சியாகவும் வைப்பவர்கள், அகழிக்கரை இயல்பாகத் தந்ததையே பெட்டிக்குள் அமைக்கிறார்கள். நம் சமவெளியில் கோடையில் ஊர்வன வளர்ப்போன் முதலில் தேட வேண்டியது நிழலே என்பது என் துணிபு.

ஊர்வனவற்றை வளர்ப்பது ஒருபுறமிருக்க, அவற்றைத் தோலுக்காகக் கொன்ற காலமும் உண்டு. இந்த வேலூர் வட்டாரமே தோலால் வாழ்வது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் ஆவாரம்பட்டையிட்டுப் பதனிட்டவை ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலுமே. எனினும் தமிழகத்தின் பாம்புத் தோலும் உடும்புத் தோலும் இருளர் என்ற பழங்குடியினர் கையிலிருந்து வியாபாரிகள் வழியே கடல் கடந்து போன காலமும் ஒன்று உண்டு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1976-இல் பாம்புத் தோல் ஏற்றுமதிக்கு விதித்த தடையும் அவ்வியாபாரத்தை நிறுத்தின. 1978-இல் இருளர் கூட்டுறவுச் சங்கம் தோன்றி, அவர்களுடைய பாம்பு பிடிக்கும் வித்தையை நஞ்செடுக்கும் தொழிலுக்குத் திருப்பிற்று. உயிரைக் கொல்லாமலே அந்த வித்தை பிழைத்தது எனக்குப் பெரும் ஆறுதல்.

ஏற்றுமதித் தடை வந்த அதே 1976-இல் மாமல்லபுரத்துக்கருகே வடநெம்மேலியில் ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் முதலானோர் நிறுவிய முதலைப் பண்ணையில், உஷ்ணத்தின் மகிமை நுட்பமாக அளந்து அறியப்பட்டது. சதுப்புநில முதலையின் முட்டைகளை 31 டிகிரி செல்சியஸுக்கு மேற்படாமல் அடைகாத்தால் பொரிந்தவை பெண் குஞ்சுகளாகவும், 32.5 டிகிரியை அடுத்து அடைகாத்தால் பெரும்பாலும் ஆண் குஞ்சுகளாகவும் இருந்தன. ஒன்றரை டிகிரி பிசகினால் ஒரு தலைமுறையின் பாலே மாறிப்போகிறது. ஆற்றங்கரையில் தாய் முதலை குழி தோண்டும்போது, மண்ணின் ஆழமும் அருகிலுள்ள மரத்தின் நிழலும் மனிதன் கருவி கொண்டு செய்யும் அந்தக் காரியத்தைச் செய்துவந்தன.