மங்கம்மாள் என்னும் பாட்டியார்

மதுரைமாநகரில் புகைவண்டி நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் என ஒன்று உளது. ஆலவாயண்ணலை வழிபட வந்த அடியார் பலர் அதிற் தங்கியிருப்பர். அப்பெயர்க்குரிய அம்மையார் நாயக்க மரபின் அரசியார் என்பதை யாவரும் அறிவர். அவருடைய ஆட்சி முதலில் ஒரு தாயின் கடனாகவும், பின்னர் ஒரு பாட்டியின் கடனாகவும் அமைந்ததென்பதை எண்ணுவார் சிலரே.

சொக்கநாத நாயக்கர் 1682-ஆம் ஆண்டிற் காலமாயினர். அரசர் இறப்பின் தேவியர் உடன் தீப்புகுதல் அக்காலத்து அரசகுடிகளின் வழக்கம். மங்கம்மாள் அது செய்திலர். மகன் அரங்ககிருஷ்ண முத்துவீரப்பர் இளையராயிருந்தமையின், அவர்பொருட்டு உயிர் தாங்கினார். அம்மகனும் ஏழாண்டே அரசு புரிந்து, 1689-இல் வைசூரி கண்டு இறந்தனர். கருவுற்றிருந்த மருமகள் சின்ன முத்தம்மாள், மகவை ஈன்ற சில நாளிற் கணவன் பிரிவாற்றாது உயிர் நீத்தனர். தாயுந் தந்தையுமற்ற அக்குழந்தைக்கு எஞ்சியவர் பாட்டியாரே. மூன்று திங்களே நிரம்பிய பேரனுக்கு விசயரங்க சொக்கநாதன் எனப் பெயர் வழங்க முடிசூட்டி, அவன்பொருட்டு 1706 வரையில் நாடு காத்தார். அரங்கமும் ஆலவாயும் ஒரு பெயரில் இணைந்தமை காண்க.

அக்காலம் எளியதன்று. வடக்கே ஔரங்கசீபின் படைக்குத் திறை கொடுக்க வேண்டியிருந்தது. திருவாங்கூர், தஞ்சை, இராமநாதபுரம் ஆகியவற்றோடு போர் நிகழ்ந்தது. கிழவன் சேதுபதியோடு 1702-இற் பொருத போரில் தளவாய் நரசப்பையர் மாண்டார். மறவர் நாடு கைவிட்டுப் போயிற்று. இத்தனைக்கிடையேயும் அம்மையார் மனம் வழிநடையாளர்பால் நின்றது. அவர் அமைத்த நெடுஞ்சாலைகளும், இருமருங்கும் வைத்த மரங்களும், சத்திரங்களும் இன்றும் தென்னாட்டார் நாவில் அவர் பெயரை நிறுத்தியுள்ளன. திருச்சிராப்பள்ளி நத்தர் தர்காவுக்கு 1701-இல் ஊர்கள் அளிக்கப்பட்டன. அக்கொடையும் பேரன் பெயராலேயே வழங்கியது.

இடக்கையால் தாம்பூலம் உட்கொண்ட பிழைக்குக் கழுவாயாகவே இவ்வறங்களைச் செய்தார் என ஒரு கதை வழங்குகின்றது. ஈகையுள்ளம் உடையார்க்கு இத்தகைய காரணம் தேடுதல் வேண்டுவதின்று.

இனி, அவர் முடிவு பற்றிய கதை கொடிது. வளர்த்த பேரன் பருவமெய்தியபின், அரசைக் கைவிட மறுத்தாரென்று பாட்டியாரை மதுரை அரண்மனையிற் சிறைவைத்து, உணவு கண்ணுக்குத் தெரியவும் கைக்கு எட்டாதவாறும் வைத்துப் பட்டினியால் இறக்கச் செய்தனர் என்பர். இது செவிவழிச் செய்தியேயாம். அரசிருக்கை அந்நாளில் திருச்சிராப்பள்ளியில் இருந்தது. ஆயினும் அத்துயரை மதுரை மக்கள் தம் நகரத்ததாகவே வைத்துக்கொண்டனர். சிறுவனைச் சூழ்ந்திருந்தோர் பகையால் நேர்ந்ததாயின் வியப்பின்று. அவனே கருதிச் செய்தான் என்பதற்குச் செவிவழி வழக்கினும் வலிய சான்று வேண்டும்.

பொற்றாமரைக் கரையிலுள்ள ஊஞ்சல் மண்டபத்து விதானத்தில், மீனாட்சியம்மை திருமணக் காட்சியோடு பாட்டியாரும் பேரனும் ஓவியத்தில் எழுதப்பட்டுள்ளனர். அக்கதையைக் கேட்டோர் அவ்வோவியத்தையும் ஒருமுறை நின்று காண்பாராக.

விசயரங்கர் 1732-இல் மகப்பேறின்றி இறந்தனர். ஆட்சி மீண்டும் ஒரு பெண்பாலர்க்கே, அவர் தேவி மீனாட்சிக்கே, சென்றது. சில ஆண்டுகளில் நாடு சந்தா சாகிபின் வயமாயிற்று.