எந்தக் கணக்கிலும் இல்லாத ஓவியர்

வட்ட வழங்கல் அலுவலகத்தில் வேலை பார்த்தவன் நான். கல்யாணமாகிப் போன பெண்ணின் பெயரைப் பிறந்த வீட்டு ரேஷன் கார்டிலிருந்து நீக்கிவிடுவார்கள். புகுந்த வீட்டுக் கார்டில் சேர்க்க மறந்துவிடுவார்கள். நடுவில் அவள் எந்தக் கணக்கிலும் வரமாட்டாள். இத்தாலிய ஓவியர் ஜொவான்னி செகன்டினிக்கு இது ஆயுள் முழுக்க நடந்தது.

1858இல் ஆர்கோ என்ற சிற்றூரில் பிறந்தார். அங்கே பேசியது இத்தாலியம், ஆண்டது ஆஸ்திரியா. ஏழு வயதில் தாய் போய்விட்டாள். தகப்பன் பிள்ளையை மிலான் நகரில் மூத்த தாரத்து மகள் ஐரீனிடம் விட்டுப் போனவர் மறுவருஷமே இறந்தார். ஐரீன் இருவருக்குமாகச் சேர்த்து ஆஸ்திரியக் குடியுரிமையை விட்டுக்கொடுத்தாள். இத்தாலியக் குடியுரிமைக்கு மனுப் போடவில்லை. அவ்வளவுதான், பையன் நாடற்றவனானான்.

தெருவில் திரிந்தவனை 1870இல் போலீஸ் பிடித்துச் சீர்திருத்தப் பள்ளியில் சேர்த்தது. செருப்புத் தைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அவன் படம் போடுவதைக் கவனித்தவர் அங்கிருந்த பாதிரியார். பிறகு போர்கோ வல்சுகானாவில் அண்ணனின் போட்டோ ஸ்டூடியோ. அப்புறம் மிலானின் புகழ்பெற்ற பிரேரா கலைப்பள்ளி.

நண்பர் கார்லோ புகாத்தியின் தங்கை பீச்சேமேல் காதல். (பின்னாளில் கார் செய்து பேர் வாங்கிய எத்தோரே புகாத்திக்கு இவள் அத்தை.) கல்யாணத்தைப் பதியக் கையில் ஒரு தாளும் இல்லை. பதியாமலே குடித்தனம் நடத்தினார்கள், நான்கு பிள்ளைகள். பாஸ்போர்ட்டும் கிடையாது. படம் ஒன்று ஆம்ஸ்டர்டாம் போய்த் தங்கப் பதக்கம் வாங்கியது. வரைந்தவருக்கு எல்லை தாண்டுவதே பாடாக இருந்தது.

பதக்கம் வாங்கியது, படகில் கேட்கும் மாலை மணியோசையைப் பற்றிய படம். புசியானோ ஏரியில் படகு நிறைய ஆடுகள், குழந்தையை அணைத்துக் குனிந்த தாய், பின்னால் தாழ்ந்த சூரியன். 1886இல் இதையே மறுபடி வரைந்தபோது கைவேலை மாறிவிட்டது. வண்ணங்களைத் தட்டில் கலக்காமல், செங்காவி பூசிய துணிமேல் நூலிழை போன்ற கோடுகளாகப் பக்கம் பக்கமாக வைத்தார். இடைவெளிகளில் எதிர் வண்ணத்தை இட்டார். கிட்டே போனால் வெறும் கோடுகள். நாலடி தள்ளி நின்றால் வெயில்.

அதே ஆண்டு குடும்பத்தோடு சுவிட்சர்லாந்தின் சவோஞின் மலைக்கிராமத்துக்கு ஏறினார். கடன் முற்றியதும், 1894இல் இன்னும் உயரே, ஏறக்குறைய 1800 மீட்டரிலுள்ள மலோயாவுக்கு. பனியிலும் வெளியில் நின்றே வரைந்தார். பெரிய படங்களை இரவில் வீட்டுக்குத் தூக்கி வர முடியாது. மரப்பெட்டி செய்து, வரைந்த இடத்திலேயே மூடிவைத்தார்.

1900 பாரிஸ் கண்காட்சிக்கு ஒரு பெருந்திட்டம் போட்டார். வட்டக் கூடம் கட்டி, மலோயா இருக்கும் எங்கடின் பள்ளத்தாக்கு முழுவதையும் அதன் சுவரில் சுற்றிலும் வரைவது. பணம் போடுவதாக இருந்த ஓட்டல்காரர்கள் செலவுக் கணக்கைப் பார்த்துப் பின்வாங்கினார்கள். திட்டம் வாழ்வு, இயற்கை, இறப்பு என்ற மூன்று படங்களாகச் சுருங்கியது. நடுப்படத்துக்காக 2700 மீட்டர் உயரத்திலுள்ள ஷாஃப்பெர்க் ஏறியவருக்குக் குடல்சவ்வு அழற்சி வந்தது. 1899 செப்டம்பர் 28 அன்று அங்கேயே உயிர் போனது, வயது 41. படங்கள் முழுதாக முடியவில்லை.

ஆர்கோ இத்தாலியோடு சேர்ந்ததே முதல் உலகப் போருக்குப் பிறகுதான். அவரைத் தன்னவர் என்று எழுதிக்கொள்ள எங்கடின் அவ்வளவு நாள் காத்திருக்கவில்லை. 1908இல் அதே பள்ளத்தாக்கின் செயின்ட் மோரிட்சில் அவருக்கென்றே அருங்காட்சியகம் எழுந்தது. பாரிசுக்கு அவர் நினைத்திருந்த கூடத்தை ஒட்டி மேலே குவிமாடம். அதன் கீழே அந்த மூன்று படங்கள். உயிரோடிருந்தபோது கட்டுப்படியாகாத கூடம், அவர் போன ஒன்பதாம் வருஷம் கட்டுப்படியாகிவிட்டது. இன்று அவர் படங்களைப் பார்க்க அங்கே ஆட்கள் வருகிறார்கள்.