யூஸ்நெட் காலத்துத் தமிழ்க் கோப்புகள்

யூஸ்நெட் என்பது 1979-80இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கிய செய்திக்குழு வலையமைப்பு ஆகும். 1990களில் புலம்பெயர்ந்த தமிழர்கள் சாக்.கல்ச்சர்.தமிழ் என்னும் குழுவில் உரையாடினர்.

யூஸ்நெட் 7 பிட் ஆங்கில உரைக்கென அமைந்தது. படம், நிரல், எழுத்துரு போன்ற 8 பிட் கோப்புகள் வழியிலேயே சிதையக்கூடும். 1980இல் மேரி ஆன் ஹார்ட்டன் எழுதிய யூயூஎன்கோடு நிரல் இதற்குத் தீர்வானது. அது 3 பைட்டுகளை 4 அச்சுக்குறிகளாக மாற்றும். பெரிய கோப்புகள் பல மடல்களாகப் பிரிந்து வரும். பெறுபவர் அவற்றை வரிசைப்படி இணைத்து, யூயூடிகோடு நிரலால் மீட்பார். ஒரு மடல் தவறினாலும் கோப்பு முழுமை பெறாது.

தமிழ் உரைக்கு இரண்டாவது பூட்டும் இருந்தது. எழுத்துருவுக்கு எழுத்துரு குறியேற்றம் வேறுபட்டது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் உருவாக்கிய மயிலை எழுத்துருவில் தட்டச்சிட்டதைப் படிக்க மயிலையே வேண்டும். இல்லையேல் பொருளற்ற குறிகளே திரையில் தெரியும். இச்சிக்கலைத் தீர்க்கவே திஸ்கி என்னும் பொதுக் குறியேற்றம் உருவானது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன் மின்னூல்களைத் திஸ்கியிலும், பின்னர் ஒருங்குறியிலும் வெளியிட்டது.

மாற்றப்படாத பழைய கோப்புகளைக் காப்போர், அவற்றின் எழுத்துருவையும் சேர்த்தே காக்க வேண்டும். எழுத்துரு தொலைந்தால், கோப்பு இருந்தும் அதிலுள்ள தமிழைப் படிப்பது அரிதாகிவிடும்.