புழுங்கலரிசி சொன்ன பாடம்

“பசியாறியாச்சா?” காலையில் யாரைக் கண்டாலும் நாம் முதலில் கேட்பது இதுதான். சரி, சாப்பிட்ட சோறு உடம்புக்குள் என்ன ஆகிறது?

மாணவர்களே, வெறும் சோற்றை நன்றாக மென்று பாருங்கள், லேசாக இனிக்கும். உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் என்னும் நொதி மாவுச்சத்தை உடைப்பதே காரணம். சிறுகுடலில் வேறு நொதிகள் அதைக் குளுக்கோஸ் சர்க்கரையாக்குகின்றன. அந்தச் சர்க்கரை உடலின் அணுக்களில் எரிந்து சக்தியாக வேண்டும். அதற்கான சில நொதிகள் வைட்டமின் பி1 இல்லாமல் வேலை செய்யா. விறகு இருந்தும் அடுப்பு எரியாத கதைதான்! கால் மரத்துப் போகும், உடம்பு வீங்கும், இதயம் தளரும். இதுவே பெரிபெரி நோய்.

அன்றைய மலாயாவில் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர்கள் பலரை இந்நோய் கொண்டுபோயிற்று. தமிழ்த் தொழிலாளர்களிடம் அது அரிதாகவே இருந்தது. ஏன்? சீனர்கள் உண்டது சயாமிலிருந்து வந்த தீட்டிய பச்சரிசி. நம்மவர் உண்டது புழுங்கலரிசி. சிரம்பானில் பணிபுரிந்த டாக்டர் பிராடன் இந்த வேற்றுமையைச் சுட்டிக்காட்டினார்.

1905 இறுதியில் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் பிளெட்சர் இதைச் சோதித்தார். நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணி, ஒற்றைப்படை எண்ணினருக்குப் பச்சரிசியும், இரட்டைப்படை எண்ணினருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்தார். பச்சரிசி உண்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் மாண்டனர். புழுங்கலரிசி உண்டவர்களில் ஒருவரும் சாகவில்லை. சம்மதம் கேட்கப்படாத அந்த ஏழை நோயாளிகளின் உயிரே நமக்கு இந்த அறிவைத் தந்தது. அதை மறக்கலாகாது.

பின்னர் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பிரேசரும் ஸ்டான்டனும், தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் சத்தே நோயைத் தடுக்கிறது என்று காட்டினார்கள். அந்தச் சத்தான பி1, 1926-இல் ஜாவாவில் தனியாகப் பிரித்தெடுக்கப்பட்டது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அது அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் ஓரளவு தங்கிவிடுகிறது.

நம்ம பாட்டிமாருக்கு நொதியும் தெரியாது, வைட்டமினும் தெரியாது. ஆனாலும் அவர்கள் வழக்கம் உயிர் காத்தது. அதற்காகத் தட்டு நிறையப் போட்டுக்கொள்ளாதீர்கள்! புழுங்கலரிசியும் சர்க்கரையாகத்தான் மாறும். நீரிழிவு உள்ளவர்கள் அளவறிந்து உண்ண வேண்டும்.

பெற்றோர்களே, பழைய வழக்கத்தைக் கண்மூடித் தள்ளவும் வேண்டாம், கண்மூடிக் கொள்ளவும் வேண்டாம். “ஏன்?” என்று பிள்ளைகள் கேட்டால் அதட்டாதீர்கள். அந்தக் கேள்விதான் பிராடனையும் பிளெட்சரையும் சோற்றுத் தட்டைப் பார்க்க வைத்தது.